உரசிவிட்டு நிற்காமல் போன வண்டி விட்ட கீறல்: பாலிஷா, டச்-அப்பா, பேனல் முழுக்கப் பெயிண்டா?

நிறுத்தியிருந்த காரை யாரோ உரசிவிட்டுப் போய்விட்டால், கை முதலில் துணியைத்தான் தேடும். கொஞ்சம் பொறுங்கள். உங்கள் கதவில் ஒட்டியிருக்கும் அந்த வேற்று நிறம், இடித்த வண்டி விட்டுப்போன சாட்சி. துடைப்பதற்கு முன் பகல் வெளிச்சத்தில் மூன்று தொலைவில் படம் எடுங்கள்: சுற்றுப்புறத்தோடு முழு வண்டி, அடிபட்ட பேனல் (கதவு, பானெட் போன்ற ஒரு தனிப் பகுதி), கீறலின் நெருக்கம். நெருக்கமான படத்தில் அளவுகோல் ஒன்று இருக்கட்டும். தரையிலிருந்து அளவுநாடாவை நிமிர்த்திப் பிடித்து, கீறல் எந்த உயரத்தில் தொடங்கி எங்கே முடிகிறது என்பதையும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஒரு வண்டி சிக்கினால், அதன் பம்பர் உயரமும் இந்த உயரமும் பொருந்துகிறதா என்று பார்ப்பார்கள். கீழே உடைந்த விளக்குத் துண்டு கிடந்தால் எறிய வேண்டாம்; அதில் பாக எண் பொறித்திருக்க வாய்ப்பு உண்டு. அக்கம்பக்கத்துக் கேமராப் பதிவுகள் சில நாட்களில் தாமாகவே அழிந்து அவற்றின் மேல் புதியவை ஏறிவிடும் என்பதால் அன்றைக்கே கேட்பது நல்லது. காப்பீட்டில் கோரப்போவதாக இருந்தால் காவல்துறையில் புகார் பதிந்து, காப்பீட்டு நிறுவனத்தின் ஆய்வாளர் பார்க்கும்வரை வண்டியில் கைவைக்கக் கூடாது.

இவை முடிந்த பிறகுதான் தண்ணீரும் ஷாம்புவும். கழுவாமல் ஆழம் பார்க்க முடியாது, ஆழம் தெரியாமல் வழி தேர்ந்தெடுக்க முடியாது. கீறலின் நீளத்தைப் பார்த்துப் பதறுகிறவர்கள்தான் அதிகம். ஆனால் ஒரு முழம் நீளக் கீறல் அரை மணி நேரப் பாலிஷில் போய்விடலாம். கடுகளவு பெயர்ந்த இடம் இரும்பு தெரிந்தால் துருவாகி அடுத்த ஆண்டு பெரிய வேலை வைக்கும்.

ஆழம் பார்ப்பது

தொழிற்சாலைப் பெயிண்ட் பெரும்பாலும் நான்கு அடுக்கு. இரும்புத் தகட்டின்மேல் மின்முறையில் படிய வைத்த துருத்தடுப்புப் பூச்சு, அதன்மேல் பிரைமர் என்ற அடிப்பூச்சு, பிறகு நிறம், கடைசியாகக் கிளியர் கோட் என்ற நிறமற்ற பளபளப்புப் பூச்சு. மொத்தமும் சேர்த்துப் பொதுவாக 100 முதல் 150 மைக்ரான். அதில் கிளியர் கோட் 35 முதல் 50 மைக்ரான். நிறம் அதைவிட மெல்லியது, 15-20 மைக்ரான்தான் இருக்கும். தலைமுடி ஒன்றின் தடிமன் சுமார் 70 மைக்ரான். பாலிஷ் போடுவது என்றால் இந்தக் கிளியர் கோட்டைச் சீவி எடுப்பது என்று பொருள். போனது திரும்பி வராது.

கழுவிய பின் மூன்று சோதனை. கீறல்மேல் தண்ணீர் தெளியுங்கள். ஈரத்தில் கோடு மறைந்து, காய்ந்ததும் திரும்பி வந்தால் அது கிளியர் கோட்டுக்குள்தான் இருக்கிறது. அடுத்து, விரல் நகத்தைக் குறுக்கே மெதுவாக ஓட்டுங்கள். நகம் வழுக்கிப் போனால் பாலிஷுக்கு வாய்ப்பு உண்டு. மாட்டி நின்றால் பாலிஷில் மங்குமே தவிர மறையாது. மூன்றாவது, கீறலின் அடியில் தெரியும் நிறம். காரின் நிறமே தெரிந்தால் பிழைத்தது. வெள்ளையோ சாம்பலோ தெரிந்தால் பிரைமர். பளபளப்போ காவியோ தெரிந்தால் தகடு. மங்கலான கறுப்பு தெரிந்தால் பம்பரின் பிளாஸ்டிக்.

அந்த இடத்தில் ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றி வைத்துப் பாருங்கள். ஒட்டினால் இரும்பு. ஒட்டாவிட்டால் அலுமினியம் அல்லது பிளாஸ்டிக். விரலால் தட்டினால் எது என்று தெரிந்துவிடும். இரும்பு என்று தெரிந்த இடத்திலும் ஒட்டாவிட்டால் தடிமனாகப் பட்டி (பள்ளம் நிரப்பும் பசை) பூசியிருக்கவும் கூடும், அதாவது பழைய விபத்து. இந்த வேறுபாடு அவசரத்தைத் தீர்மானிக்கிறது. இரும்பு தெரிந்தால், ஈரமான அல்லது உப்புக் காற்றடிக்கும் இடத்தில் சில நாட்களிலேயே துரு பிடிக்கும். அலுமினியம் காவியாகாது, ஆனால் பெயிண்டுக்கு அடியில் அரிப்பு ஊர்ந்து கொப்புளம் கிளப்பும். பிளாஸ்டிக் பம்பர் துருப்பிடிப்பதில்லை, மாதக்கணக்கில் காத்திருக்கலாம்.

பம்பராக இருந்தால் வேறு ஒன்றைப் பாருங்கள். பிளாஸ்டிக் அமுங்கி மீண்டு வந்துவிடும், உள்ளே கொக்கிகளும் பிராக்கெட்டும் உடைந்திருக்கலாம். ஃபெண்டரோடு (முன்சக்கரத்தின் மேலுள்ள தகடு) சேரும் இடைவெளி இரு பக்கமும் ஒரே அளவா என்று ஒப்பிடுங்கள். அடி சக்கரத்தில் பட்டிருந்தால், பெயிண்டைப் பற்றி யோசிப்பதற்கு முன் அலைன்மென்ட் பார்க்க வேண்டும்.

ஒட்டிய நிறத்தை எடுப்பது: எல்லா வழிக்கும் முதல் படி

உரசலில் கண்ணை உறுத்தும் வெள்ளை அல்லது சிவப்புப் பட்டை பல நேரம் உங்கள் பெயிண்ட் போனதால் வந்தது கிடையாது. அவர்களுடையது மேலே ஏறியிருக்கிறது. அதை எடுத்த பிறகுதான் உண்மைச் சேதம் தெரியும். இந்தப் படியைத் தாண்டிக் கடைக்குப் போனால், தேவையில்லாத முழுப் பேனல் வேலைக்கு விலை சொல்வார்கள், நீங்களும் நம்புவீர்கள்.

மென்மையானதிலிருந்து தொடங்க வேண்டும். தார் அகற்றும் திரவத்தைத் துணியில் நனைத்து ஒன்றிரண்டு நிமிடம் ஒற்றி வைத்துத் துடையுங்கள். போகாவிட்டால், வழுக்கும் திரவத்தைத் தாராளமாகத் தெளித்து, டீடெய்லிங் களிமண்ணை (பரப்பில் ஒட்டியதை இழுத்தெடுக்கும் பிசின் கட்டி) அழுத்தாமல் தேய்க்கலாம். களிமண் தரையில் விழுந்தால் அந்தத் துண்டை எறிந்துவிடுங்கள், ஒட்டிய மணல் புதுக் கீறல் போடும். அதற்கும் மசியாத கறையை ரப்பிங் காம்பவுண்ட் என்ற தேய்ப்புப் பசை எடுக்கும்.

தின்னரும் நெயில் பாலிஷ் ரிமூவரும் வேகமாக வேலை செய்யும் என்பது உண்மை. சூடேற்றி இறுக வைத்த தொழிற்சாலைக் கிளியர் கோட் தின்னரைச் சிறிது நேரம் தாங்கவும் செய்யும். ஆனால் முன்பு ஒருமுறை சாதாரண ஸ்பிரேயால் பெயிண்ட் அடித்த பேனலென்றால் அது கரைந்து துணியோடு வரும். விளக்கின் பிளாஸ்டிக்கில் பட்டால் வெளிறி விரிசல் விடும். சமையலறையின் வெள்ளை மெலமைன் பஞ்சும் அப்படித்தான்: அது மென்மையாகத் தெரியும் உப்புத்தாள், பளபளப்பைக் கொன்றுவிடும்.

பாலிஷ்: மலிவு, வேகம், ஆனால் கணக்குப் பார்த்து

நகம் மாட்டாத கீறலுக்கு இதற்கு மேலான வழி இல்லை. தொழிற்சாலைப் பெயிண்ட் அப்படியே தங்குகிறது, நிறம் பொருந்துமா என்ற கேள்வியே எழாது, அன்றைக்கே வேலை முடிகிறது.

மிஷின் என்றால் ஆட்டமும் சுழற்சியும் சேர்ந்த டூயல் ஆக்‌ஷன் வகையை எடுங்கள். சுழல் மட்டும் உள்ள ரோட்டரி மிஷின் ஒரே இடத்தில் சூடேற்றும். பழகாத கை சில நொடிகளில் நிறம்வரை போய்விடும். ஃபோம் பேடில் பட்டாணியளவு காம்பவுண்ட் மூன்று சொட்டு, 40 சென்டிமீட்டருக்கு 40 சென்டிமீட்டர் பரப்பு, நடு வேகம், நெடுக்காகவும் குறுக்காகவுமாக நான்கைந்து ஓட்டம். நிறுத்தித் துடைத்து, டார்ச் வெளிச்சத்தைச் சாய்த்துப் பாருங்கள். பிறகு மென்மையான பேடில் நுண்பாலிஷ், அதற்கு மேல் பாதுகாப்புக்கு வாக்ஸ் அல்லது சீலண்ட். கையாலும் செய்யலாம், தோள் வலிக்கும். கையால் தேய்க்கையில் வட்டமாகச் சுற்றாமல் நேர்கோட்டில் போவது நல்லது. மிச்சமாகும் தடம் வெயிலில் சிலந்தி வலையாகத் தெரியாது.

கெட்டுப்போகும் இடம் விளிம்புகள். கதவின் மடிப்புக் கோடு, பானெட் ஓரம் ஆகியவற்றில் பெயிண்ட் மெல்லியதாகவே படிந்திருக்கும், பேடும் அங்கேதான் அதிகம் அழுத்தும். மாஸ்கிங் டேப் ஒட்டி மூடிவிடுங்கள். பேடில் காரின் நிறம் ஏறுகிறதென்றால் உடனே நிறுத்துங்கள்: கிளியர் கோட் முடிந்துவிட்டது. கிளியர் கோட்டே இல்லாத பழைய ஒற்றை அடுக்குப் பெயிண்டில் மட்டும் நிறம் ஏறுவது இயல்பு.

எழுபது விழுக்காடு மறைந்ததும் விட்டுவிட மனம் வர வேண்டும். மீதிக் கோட்டைத் துரத்திக்கொண்டு கிளியர் கோட்டைத் தேய்த்தால், அதன் மேற்பகுதியில் செறிந்திருக்கும் புறஊதாத் தடுப்பும் போகும். சில ஆண்டு வெயிலுக்குப் பிறகு அந்த இடம் மட்டும் வெளுத்து உரியும்.

பற்பசை, துரு நீக்கும் எண்ணெய் ஸ்பிரே, ‘ஒரே துடைப்பில் மாயம்’ வகைத் திரவங்கள் இவற்றைப் பற்றி ஒரு வரி போதும். எண்ணெயும் வாக்ஸும் கீறலை நிரப்பி ஒளி சிதறாமல் தடுக்கின்றன, இரண்டு முறை கழுவினால் கோடு திரும்பி வரும். யாராவது உங்கள் கண்முன் அப்படி மறைத்துக் காட்டினால், ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் ஒருமுறை துடைத்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

டச்-அப்: அழகைவிடப் பாதுகாப்புக்கு

நகம் மாட்டுகிறது, பிரைமரோ தகடோ தெரிகிறது, அகலம் இரண்டு மில்லிமீட்டருக்குள். இதற்கு டச்-அப் பொருத்தம்: சின்னப் புட்டியில் வரும் அதே நிறப் பெயிண்டைக் கீறலில் மட்டும் தொட்டு நிரப்புவது. ஒரு கை தொலைவில் கண்ணுக்குத் தெரியாது, கிட்டப் போனால் தெரியும். அந்த அளவுக்கு எதிர்பார்த்தால் ஏமாற்றம் இல்லை. துருவை நிறுத்துவதுதான் இதன் முதல் வேலை.

நிறத்தைக் கண்ணால் தேர்ந்தெடுக்காதீர்கள். ஓட்டுநர் கதவுச் சட்டத்திலோ பானெட்டுக்கு அடியிலோ உள்ள தகட்டில் பெயிண்டின் குறியீடு இருக்கும். ஒரே ‘வெள்ளை’ என்ற பெயரில் ஒரே நிறுவனத்துக்கு நான்கைந்து குறியீடுகள் உண்டு.

இடத்தைக் கழுவி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் வாக்ஸை எடுங்கள். வாக்ஸோ சிலிகானோ மிச்சமிருந்தால் பெயிண்ட் மீன்கண் போலக் குழிந்து விலகும். துரு இருந்தால் கண்ணாடி இழைப் பேனாவால் அல்லது மடித்த உப்புத்தாளின் நுனியால் பளபளக்கும் தகடுவரை சுரண்டி, உடனே துருத்தடுப்புப் பிரைமர் தொட்டு வையுங்கள். துருவின்மேல் பூசினால் அடியில் வேலை தொடர்ந்து நடக்கும். கொப்புளம் வரும்வரை உங்களுக்குத் தெரியாது.

நிறத்தைப் பூசும்போது புட்டியோடு வரும் தூரிகை தடிமன். பல்குத்தி அல்லது ஓவியத் தூரிகையின் மிக மெல்லிய எண் நல்லது. மெட்டாலிக் (உலோகத் துகள் மின்னும் நிறம்) என்றால் புட்டியை இரண்டு நிமிடமாவது குலுக்குங்கள், துகள்கள் அடியில் தங்கியிருக்கும். ஒவ்வொரு பூச்சும் மெல்லியதாக, இடையில் அரை மணி நேரம். பலர் செய்வது ஒரே தடவையில் சொட்டாக நிரப்புவது. மேலே தோல் கட்டிவிடும், உள்ளே கரைப்பான் சிக்கிக்கொள்ளும், வாரக்கணக்கில் சுருங்கிக் குழியாகும். மூன்று நான்கு பூச்சில் சுற்றுப் பரப்பைவிடச் சற்றே மேடாக வந்ததும் ஒரு நாள் விட்டு, கிளியர் இரண்டு பூச்சு.

மேட்டைச் சமன் செய்ய ஒரு வாரமாவது பொறுக்க வேண்டும். அழிரப்பரில் 2000 நம்பர் உப்புத்தாளைச் சுற்றி, சோப்புத் தண்ணீரில் நனைத்து மேட்டை மட்டும் தேய்த்து, 3000 நம்பரால் மென்மையாக்கி, காம்பவுண்டால் பளபளப்பை மீட்கலாம். சுற்றியுள்ள நல்ல கிளியர் கோட்டும் இதில் தேயும் என்பதால், துணிவில்லாதவர்கள் மேட்டை அப்படியே விட்டுவிடுவதில் ஒன்றும் தவறில்லை. வெயிலில் சுடும் தகட்டிலும் மழைக்குளிரிலும் இந்த வேலை ஆகாது. 15 முதல் 30 டிகிரிக்குள், நிழலில்.

மெட்டாலிக், பேர்ல் (முத்துப்போல் மின்னும்) நிறங்களில் தூரிகையால் பூசியது சில கோணங்களில் கருமையாகத் தெரிந்தே தீரும். ஸ்பிரேயில் துகள்கள் தட்டையாகப் படுக்கின்றன, தூரிகையில் கண்டபடி நிற்கின்றன. எந்தக் கடையில் வாங்கினாலும் இது மாறாது.

ஸ்பிரே: கேன், நடமாடும் பழுது, பூத்

வீட்டில் கேன் ஸ்பிரே அடிப்பதுதான் இருப்பவற்றில் மோசமான பேரம். டச்-அப்பில் தவறினால் ஒரு கோடு கெடும், இதில் ஒரு கதவே கெடும். சாதாரண ஒற்றைக் கூறு கிளியர் பெட்ரோல் பட்டால் கரையும், எனவே பெட்ரோல் மூடிப் பக்கம் அறவே வேண்டாம். கடினமாக்கி கலந்த இரு கூறு கிளியர் உறுதியானது. ஆனால் அதில் ஐசோசயனேட் இருக்கிறது. மூச்சில் போனால் நிரந்தர ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடிய பொருள். சாதாரண முகக்கவசம் அதைத் தடுக்காது. பம்பரின் கீழ் ஓரம், கண்ணில் படாத மூலை என்றால் கேனை யோசிக்கலாம். அப்போதும் பிளாஸ்டிக் வெளியே தெரிந்த இடத்தில் ஒட்டுதல் பிரைமர் முதலில் அடிக்காவிட்டால், அழுத்தத் தண்ணீரில் கழுவும்போது தோலாக உரிந்து வரும்.

நடமாடும் பழுதுக்காரர்கள் அடிபட்ட இடத்தை மட்டும் தயார் செய்து, நிறத்தைச் சுற்றிலும் கரைத்து (எல்லை தெரியாதபடி மெல்ல மங்கவிட்டு), கிளியர் அடித்து, விளக்கால் சூடேற்றி ஒரே நாளில் முடிப்பார்கள். பம்பர் மூலைக்கும் சக்கர வளைவின் ஓரத்துக்கும் இது மிகப் பொருத்தம், தூசி புகாத பெயிண்ட் அறையான பூத்தைவிடச் செலவும் குறைவு. கதவின் நடுவில் யோசிக்க வேண்டும். புதுக் கிளியரை பழையதன்மேல் பேனல் நடுவே கரைத்து முடித்தால், அந்த எல்லை சில ஆண்டுகளில் கோடாகத் தெரியவோ உரியவோ செய்யும். அதனால்தான் பெயிண்ட் தயாரிப்பாளர்கள் பொதுவாகப் பேனலின் விளிம்புவரை கிளியர் அடிக்கச் சொல்கிறார்கள்.

முழுப் பேனலும் பூத்தில் அடிப்பது கையளவு பெயர்ந்த இடம், பல ஆழமான கோடுகள், தகடு நெளிந்த இடம் ஆகியவற்றுக்கு. பெயிண்ட் உடையாமல் சொட்டை (பள்ளம்) மட்டும் விழுந்திருந்தால் பட்டியும் வேண்டாம், பெயிண்டும் வேண்டாம். பின்பக்கத்திலிருந்து கம்பியால் நெம்பி எடுக்கும் பெயிண்ட் இல்லாச் சொட்டை நீக்கத்தை முதலில் கேளுங்கள்.

கடையில் வேலை கொடுக்கும் முன் கேட்க வேண்டியவை சில. நிறக் குறியீட்டை வைத்துச் சோதனை அட்டையில் அடித்துக் காட்டுவீர்களா? மெட்டாலிக் என்றால் பக்கத்துப் பேனலுக்கும் நிறத்தைக் கரைத்து இழுப்பீர்களா, அதற்குத் தனி விலையா? கைப்பிடி, பீடிங் (ஓர ரப்பர்), கண்ணாடி இவற்றைக் கழற்றுவீர்களா, டேப் ஒட்டி மூடுவீர்களா? கடைசிக் கேள்விக்கான பதில்தான் வேலைத் தரத்தைச் சொல்லும். மூடி அடித்த பெயிண்ட் பீடிங் ஓரத்தில் தடித்து நின்று, பிறகு அங்கிருந்துதான் உரியத் தொடங்கும். மூன்று அடுக்குப் பேர்ல் நிறம் என்றால் பக்கத்துப் பேனல் சேராமல் பொருத்துவேன் என்று சொல்பவரிடம் கூடுதல் கவனம் தேவை.

பம்பருக்குப் பின்னால் ரேடார் உள்ள வண்டியில் அந்தப் பகுதிமேல் பட்டி பூச பல தயாரிப்பாளர்கள் அனுமதிப்பதில்லை, பெயிண்ட் தடிமனுக்கும் வரம்பு வைத்திருக்கிறார்கள். அங்கே அடிபட்டிருந்தால் பம்பரை மாற்றுவதே சில நேரம் ஒரே வழி. நிறுத்த உதவும் அல்ட்ராசோனிக் சென்சார் முகத்தில் தடித்த பூச்சு ஏறினாலும் அது பொய்யாகக் கத்தும்.

வண்டியை எடுக்கும்போது நிழலில் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டாம். வெயிலில் நேராகவும் சாய்வாகவும் நிறத்தை ஒப்பிடுங்கள். ஆரஞ்சுத் தோல் போன்ற பரப்பு, தூசிப் புள்ளி, ஊசித்துளைக் குமிழ், கண்ணாடியில் பட்ட தூறல் எல்லாம் அப்போதே சொன்னால் சரி செய்வார்கள்.

காப்பீடா, கைப்பணமா

பூத் வேலை என்றானதும் இந்தக் கேள்வி வரும். எண்களை வைத்துப் பார்க்கலாம். பழுதுச் செலவு 100, நீங்கள் ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவு 40 என்றால் காப்பீடு தருவது 60. தள்ளுபடிக்கு முன் ஆண்டுப் பிரீமியம் 300, கோரிக்கை இல்லாததற்கான தள்ளுபடி 50 விழுக்காடு என்றால் கட்டுவது 150. கோரியதால் தள்ளுபடி 20 விழுக்காடாக இறங்கினால் அடுத்த ஆண்டு 240. 60 வாங்க, முதல் ஆண்டிலேயே 90 கூடுதல். தள்ளுபடி மீண்டு ஏறும்வரை அது தொடரும். உங்கள் பாலிசியில் உள்ள தள்ளுபடி அட்டவணையை இந்த இடத்தில் பொருத்திப் பாருங்கள். தவறு உங்களுடையது இல்லையே என்று நினைப்போம். இடித்தவர் கிடைக்காமல் நிறுவனத்தால் பணத்தை மீட்க முடியாவிட்டால், பல பாலிசிகளில் அது உங்கள் கணக்கில்தான் ஏறும்.

ஒரு பேனலுக்குக் கோருவது பெரும்பாலும் நட்டம், இரண்டு மூன்று பேனலும் விளக்கும் போயிருந்தால் பெரும்பாலும் லாபம். பழைய கீறல்களையும் இதோடு சேர்த்துக் காட்டும் யோசனையைக் கடைக்காரர் சொன்னாலும் ஏற்காதீர்கள். துரு ஏறிய கீறலின் வயது ஆய்வாளருக்குத் தெரியும், மொத்தக் கோரிக்கையும் போகும்.

எந்த வண்டிக்கு எது

விற்கப்போகும் வண்டியில் சின்னக் கீறலுக்காகக் கதவு முழுக்க அடிப்பது கணக்குக்கு ஒவ்வாது. வாங்குபவர் தடிமன் மானியை வைத்தால் மற்ற பேனல் 120 மைக்ரான் காட்டும், இது மட்டும் 250 காட்டும். பிறகு விபத்து வண்டி என்ற பேச்சைத் துடைக்க முடியாது. நேர்மையான டச்-அப் அங்கே அதிகம் மதிக்கப்படும். குத்தகை வண்டியில் கையே வைக்க வேண்டாம். ஒப்படைக்கும்போது சுமாரான வீட்டு வேலைக்கும் சேர்த்துப் பிடித்தம் செய்வார்கள். பத்தாண்டு ஓடிய வண்டியின் பம்பரில் கறுப்புத் தெரிகிறதென்றால் அப்படியே ஓட்டலாம். புது வண்டியின் கதவில் தகடு தெரிகிறதென்றால், கடைக்கு நேரம் கிடைக்கும்வரை சுத்தம் செய்து பிரைமர் ஒரு தொடு தொட்டு வையுங்கள், அதுவும் இல்லாவிட்டால் தெளிந்த டேப் ஒன்றை ஒட்டுங்கள். டேப்பை இரண்டு மூன்று நாளுக்கு மேல் விடக் கூடாது, உள்ளே ஈரம் தேங்கும்.

புதுப் பெயிண்ட் அடித்த பின் சில வாரங்கள் மிஷின் கழுவல் வேண்டாம். பறவை எச்சம் விழுந்தால் அன்றே தண்ணீரால் எடுத்துவிடுங்கள். வாக்ஸும் செராமிக் பூச்சும் பாதுகாப்பு ஃபிலிமும் கடைக்காரர் சொல்லும் நாள்வரை, பொதுவாக ஒன்று முதல் இரண்டு மாதம், காத்திருக்கட்டும். உள்ளே மிச்சமிருக்கும் கரைப்பான் வெளியேற வழியில்லாமல் மூடினால் பளபளப்பு மங்கும்.